ஆள் நகர்ந்தாரா, ஊர் பேரு நகர்ந்துச்சா: பர்மாத் தமிழ்க் குடும்பங்க கிராம்ப்ஸ்ல இடமாற்றத்த பதியுறது எப்படி

நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட "தாத்தா எந்த ஊர்ல இருந்தாரு"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு ஊர் பேரு வராது. தேவகோட்டைப் பக்கம் பொறந்தாரு, ரங்கூன் வந்தாரு, ஜப்பான் சண்டையில நடந்து ஊருக்குப் போனாரு, திரும்ப கப்பலேறி வந்தாரு, அப்பறம் ஒக்கலாப்பாவுல வீடு கட்டினாருன்னு ஒரே மூச்சுல அஞ்சு ஊரு வரும். இத குடும்ப வரலாறு மென்பொருள்ல ஏத்த உக்காந்தா பொறப்பு, கல்யாணம், இறப்புக்கு மட்டும் கட்டம் இருக்கு, நடுவுல நடந்த இந்த அலைச்சல எங்க போடுறதுன்னு முழிக்கிறோம், கடைசியில குறிப்புல "பர்மாவுல இருந்தார்"னு ஒரு வரி எழுதி முடிச்சிடுறோம். அப்படி முடிக்க வேணாம்னு தான் இத எழுதுறேன். நான் யாங்கோன்லயே பொறந்து வளந்தவ, எங்க குடும்பத்த ஏத்த ஆரம்பிச்சு மூணு வருஷமாச்சு, அதுல தெரிஞ்சிக்கிட்டத புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக வரிசையா சொல்றேன்.

நான் வச்சிருக்கிறது கிராம்ப்ஸ்ங்கற குடும்ப வரலாறு மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், தரவு எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும். இங்க கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, நெட் பல நாள் கிடைக்காது, அதனால நெட் இல்லாம வேலை செய்யுறது எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. நீங்க வேற மென்பொருள் வச்சிருந்தாலும் பரவால்ல, பட்டன் இருக்கிற இடம் தான் மாறும், முறை ஒண்ணு தான்.

கம்ப்யூட்டர தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அத விட்டுட்டா பின்னாடி ரெண்டு மடங்கு வேலை. ஒரு நோட்ட எடுத்து ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்னு வச்சு, அந்த ஆள் எந்த வருஷம் எந்த ஊர்ல இருந்தாருன்னு சொல்ற காகிதம் என்னென்ன வீட்ல இருக்குன்னு தேடி எழுதுங்க. நம்ம வீடுகள்ல நெனைக்கிறத விட அதிகமாவே இருக்கும். எஃப்ஆர்சி புத்தகம் (வெளிநாட்டுக்காரங்கன்னு பதிஞ்சு குடுத்த சான்று), வீட்டுக் குடும்ப லிஸ்ட், பள்ளிக்கூட சர்டிஃபிகேட், கல்யாணப் பத்திரிகை, ஊர்லருந்து வந்த கடுதாசி மேல இருக்கிற தபால் முத்திரை, ஸ்டூடியோ போட்டோ பின்னாடி அடிச்சிருக்கிற கடை முத்திரை, கோவில்ல உபயம் குடுத்தவங்க பேரு எழுதின பலகை. எங்க தாத்தாவோட எஃப்ஆர்சி புத்தகம் துணிக்கு அடியில பெட்டியில கெடந்துச்சு, ஓரமெல்லாம் கரையான் தின்னுருந்துச்சு, ஆனா உள்ள வருஷா வருஷம் புதுப்பிச்ச முத்திரை வரிசையா இருக்கு, ரெண்டு எடத்துல விலாசத்த அடிச்சிட்டு வேற மையில புது விலாசம் எழுதிருக்கு. அந்த அடிச்சு எழுதினது தான் இடமாற்றத்துக்கு சாட்சி. எந்த முத்திரைக்கு அப்பறம் மை மாறுதுன்னு பாத்தா எந்த வருஷம் வீடு மாறினாங்கன்னு தெரிஞ்சிடுது.

தேதி விஷயத்துல நம்மாளுங்களுக்கு ஒரு தனி சிக்கல். காகிதத்துல இங்கிலீஷ் வருஷம் இருக்கும், பர்மிய வருஷம் இருக்கும், தமிழ் வருஷமும் இருக்கும். பர்மிய வருஷத்தோட 638 கூட்டினா இங்கிலீஷ் வருஷம், ஆனா ஜனவரிலருந்து திஞ்சான் (ஏப்ரல்ல வர்ற பர்மியப் புத்தாண்டு) வரைக்கும் உள்ள மாசம்னா 639 கூட்டணும். தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வர்றதால அது மட்டும் போதாது, கூட ஒரு துப்பு வேணும். எங்க பெரியத்தை கல்யாணப் பத்திரிகையில விளம்பி வருஷம் வைகாசின்னு இருக்கு, விளம்பி 1958லயும் வருது 2018லயும் வருது, அத்தை பொறந்தது 1938, அதனால 1958 தான்னு உறுதி. கிராம்ப்ஸ்ல இஸ்லாமிய நாள்காட்டி, யூத நாள்காட்டி எல்லாம் இருக்கு, தமிழும் பர்மியமும் இல்ல. அதனால தேதிக் கட்டத்துல இங்கிலீஷ் தேதி போட்டுட்டு, காகிதத்துல எப்படி இருந்துச்சோ அதே எழுத்துல குறிப்புல எழுதி வைங்க, கணக்குப் போட்டதுல தப்பு இருந்தா பின்னாடி யாராவது கண்டுபிடிக்க அது வேணும்.

இப்ப கிராம்ப்ஸ தொறங்க. ஆளுங்கள ஏத்துறதுக்கு முன்னாடி ஊர ஏத்துங்க. இது பல பேரு செய்யறதில்ல, நானும் மொதல்ல செய்யல, அதனால ஒரே ரங்கூன் எனக்கு ஆறு எழுத்துல ஆறு ஊரா நின்னுச்சு, ஒண்ணுல ரங்கூன், ஒண்ணுல இரங்கூன், ஒண்ணுல யாங்கோன், மீதி இங்கிலீஷ்ல. ப்ளேசஸ் பக்கத்துக்குப் போயி ஒரு ஊர ஒரே ஒரு தடவ உருவாக்குங்க. அதுக்குள்ள ஆல்டர்நேட்டிவ் நேம்ஸ்னு ஒரு தாவல் இருக்கு, அதுல அதே ஊருக்கு எத்தன பேரு வேணும்னாலும் சேக்கலாம், ஒவ்வொரு பேருக்கும் தேதியும் மொழியும் தனியா குடுக்கலாம்.

நம்ம குடும்பங்களுக்கு இது ரொம்ப ரொம்ப முக்கியம். 1989ல அரசாங்கம் இங்கிலீஷ்ல எழுதற ஊர் பேரெல்லாம் மாத்துச்சு. ரங்கூன் யாங்கோன் ஆச்சு, பெகு பகோ ஆச்சு, மோல்மேன் மாவ்லம்யைன் ஆச்சு, பஸ்ஸீன் பாத்தேன் ஆச்சு, புரோம் பியே ஆச்சு, சிரியம் தான்லின் ஆச்சு. பர்மியக்காரங்க வாயில முன்னாடியே அப்படித் தான், காகிதத்துல தான் மாறுச்சு. அந்தப் பக்கம் தமிழ்நாட்டுலயும் இதே கதை. எங்க தாத்தா ஊரு அவரு பொறந்தப்ப ராமநாதபுரம் ஜில்லா, மெட்ராஸ் மாகாணம். 1969ல மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடுன்னு பேரு மாறுச்சு, 1985ல ராமநாதபுரத்தப் பிரிச்சு சிவகங்கை மாவட்டம் வந்துச்சு, அந்தக் கிராமம் இப்ப சிவகங்கையில. புதுக்கோட்டைக்காரங்கன்னா இன்னும் கவனமா இருக்கணும், 1948 வரைக்கும் அது தனி சமஸ்தானம், அப்பறம் திருச்சி ஜில்லாவுல சேந்து 1974ல தனி மாவட்டமாச்சு. இதுல தாத்தா ஒரு அடி கூட நகரல, ஆனா காகிதத்த மட்டும் பாத்து ஏத்தினா அவரு ஊர் மாறின மாதிரியே இருக்கும். அதனால ஒவ்வொரு காகிதத்தையும் கையில எடுக்கும்போது ஆள் நகர்ந்தாரா, பேரு நகர்ந்துச்சான்னு மொதல்ல கேட்டுக்குங்க. ஆள் நகர்ந்தா அது ஆளோட ஈவெண்ட், அதாவது அவரு வாழ்க்கையில நடந்த ஒரு நிகழ்வு. பேரு நகர்ந்தா அது ஊரோட பேர்ப் பட்டியலுக்குள்ள போகணும்.

மேல உள்ள அடுக்கையும் இதே மாதிரி செய்யலாம். ஊர்ப் பக்கத்துல என்க்ளோஸ்ட் பைன்னு ஒரு தாவல் இருக்கும், இந்த ஊரு எதுக்குள்ள அடங்குதுன்னு அங்க சொல்லணும், தேதியோட. கிராமத்துக்கு ரெண்டு வரி: 1985க்கு முன்னாடி ராமநாதபுரம், அதுக்கப்பறம் சிவகங்கை. மோல்மேனுக்கு 1974 வரைக்கும் தெனாசரிம் டிவிஷன், 1974லருந்து மொன் மாநிலம். பர்மாவுக்கே ஒரு வரி வேணும், 1937 ஏப்ரல் 1 வரைக்கும் அது பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம், அன்னைக்குத் தான் பிரிஞ்சுச்சு. இத ஒரு தடவ ஒழுங்கா செஞ்சு வச்சிட்டா, ப்ரிஃபரென்சஸ்ல இடத்தலைப்ப தானா உருவாக்கச் சொல்லிட்டா போதும், 1930 ஈவெண்ட்ல அந்தக் காலத்துப் பேரும் 1995 ஈவெண்ட்ல யாங்கோனும் அதுவாவே வரும். ஒரு சாயங்காலம் பூரா இதுக்கு ஆகும். ஆகட்டும், அந்த சாயங்காலத்த குடுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா எனக்கு ஒண்ணு நடந்துச்சு. வெளிநாட்டுல இருக்கிற அக்கா பொண்ணு ஒருத்தி ஆசையா எங்க மரத்த ஒரு இணையதளத்துல ஏத்துனா, அங்க ஊர் பேரு அடிக்கும்போதே கீழ ஒரு பட்டியல் விழும், அதுலருந்து எடுக்கச் சொல்லும், அவ எடுத்துக்கிட்டே போயிட்டா. முடிச்சிட்டுப் பாத்தா 1938ல பொறந்த அத்தைக்கு சிவகங்கை மாவட்டம், தமிழ்நாடு, இந்தியான்னு இருக்கு, 1929ல வேலைக்கு வந்த தாத்தா யாங்கோன், மியான்மர்னு இருக்கு. ரெண்டுமே அந்த வருஷத்துல இல்லாத பேரு. இன்னைக்கு வரைபடத்துல தேட அது உதவும், ஆனா நாளைக்கு ஒரு பேரன் பழைய ஆவணத்துல தேடப் போனா எந்த ஜில்லா ஆவணத்துல தேடணும்னு தெரியாம போயிடும். திரும்ப ஒவ்வொண்ணா திருத்த ரெண்டு மாசம் ஆச்சு. பட்டியல் விழுந்தா எடுக்காதீங்க, நீங்களே அடிங்க.

பர்மிய எழுத்துல ஊர் பேரு சேக்கறவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. பழைய ஃபேஸ்புக் பதிவுலருந்தோ பழைய ஃபோன்லருந்தோ நகல் எடுத்தா அது ஜாஜிங்கற பழைய பர்மிய எழுத்துருவா இருக்கலாம், இங்க 2019 அக்டோபர் 1 அன்னைக்குத் தான் யூனிகோடுக்கு மாறச் சொன்னாங்க. ஜாஜிய அப்படியே ஒட்டினா கிராம்ப்ஸ்ல எழுத்து கலைஞ்சு நிக்கும், தேடினாலும் கிடைக்காது, யூனிகோடுக்கு மாத்திட்டு ஒட்டுங்க.

ஊரெல்லாம் ரெடின்னா இப்ப ஆளுக்கு வருவோம். தாத்தா பேர தொறந்து ஈவெண்ட்ஸ் தாவல்ல கூட்டல் குறிய அமுக்குங்க. வகையில ரெசிடென்ஸ்னு எடுங்க, குடியிருந்ததுன்னு அர்த்தம். நம்ம வேலையில முக்காவாசி இந்த ரெசிடென்ஸ் தான். பொதுவா எல்லாருக்கும் "ரங்கூனுக்குக் குடிபோனது"ன்னு போகற நாள பதியத் தான் தோணும், ஆனா யோசிச்சுப் பாருங்க, போன நாளுக்கு நம்மகிட்ட காகிதம் இருக்கா? பெரும்பாலும் இருக்காது. இருந்ததுக்குத் தான் காகிதம் இருக்கும். அந்த வருஷம் அவரு அங்க இருந்தாருன்னு தான் முத்திரையும் பத்திரிகையும் சொல்லுது. அதனால இருந்தத பதியுங்க, ஒவ்வொரு இருப்பையும் தனித்தனி ரெசிடென்ஸா பதியுங்க, ரெண்டு இருப்புக்கு நடுவுல நகர்வு தானா தெரிஞ்சிடும். இன்னொண்ணு, புது விலாசம் கெடச்ச உடனே பழைய ரெசிடென்ஸ்ல போயி ஊர மாத்தி எழுதாதீங்க. பழசு பழசாவே இருக்கணும், புதுசு கீழ வரணும். மாத்தி எழுதினா அவரு பழைய ஊர்ல இருந்ததே காணாம போயிடும்.

தேதிக் கட்டத்துல ரெண்டு வார்த்தைக்கு உள்ள வித்தியாசம் தெரிஞ்சா பாதி குழப்பம் தீரும். ஃப்ரம் 1929 டு 1942ன்னு அடிச்சா அந்த 13 வருஷமும் அங்கயே இருந்தாருன்னு அர்த்தம். பிட்வீன் 1929 அண்ட் 1942ன்னு அடிச்சா அந்தக் காலத்துக்குள்ள என்னைக்கோ ஒரு தடவ நடந்துச்சு, என்னைக்குன்னு தெரியலன்னு அர்த்தம். குடியிருந்ததுக்கு ஃப்ரம், கப்பலேறின மாதிரி ஒரு நாள் சமாச்சாரத்துக்கு பிட்வீன். நிச்சயமில்லாட்டி அபவுட் போடுங்க, இன்ன வருஷத்துக்கு முன்னாடின்னு மட்டும் தெரிஞ்சா பிஃபோர் போடுங்க. ஒரே ஒரு காகிதம் தான் இருக்கு, அதுல 1936ன்னு மட்டும் இருக்குன்னா வெறும் 1936 போடுங்க, முன்ன பின்ன நீட்டாதீங்க. ரெண்டாவது காகிதம் கெடைக்கும்போது நீட்டிக்கலாம்.

அப்ப எமிக்ரேஷன், இம்மிக்ரேஷன்னு வகை இருக்கே அது எதுக்கு? நாடு விட்டு நாடு போன பயணத்துக்கு. ஒவ்வொரு ஈவெண்டுக்கும் ஒரே இடம் தான் குடுக்க முடியும்ங்கறதால கிளம்பின எடத்த எமிக்ரேஷன்ல போடுங்க, எறங்கின எடத்த இம்மிக்ரேஷன்ல போடுங்க. தாத்தாவுக்கு எமிக்ரேஷன் மெட்ராஸ் துறைமுகம், இம்மிக்ரேஷன் ரங்கூன். எங்க போனாரு, யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி எழுதுங்க, எங்க வீட்ல "மேஸ்திரி கூட்டிட்டு வந்தாரு, பஸுன்டவுங் அரிசி மில் வேலை"ன்னு எழுதிருக்கேன், பஸுன்டவுங் ரங்கூன்ல ஒரு பகுதி. இதுல ஒரு கேள்வி வரும், 1937க்கு முன்னாடி பர்மாவே இந்தியாவுக்குள்ள தான இருந்துச்சு, மாகாணம் விட்டு மாகாணம் போறது எமிக்ரேஷனா? சட்டப்படி பாத்தா இல்ல, அப்ப பாஸ்போர்ட்டும் கெடையாது. ஆனாலும் நான் எமிக்ரேஷன்னு தான் போடுறேன், ஏன்னா கடல் தாண்டிப் போய் வாழ்க்கை மாறுச்சு, பின்னாடி தேடுறவங்க அந்த வகையில தான் தேடுவாங்க. சட்டம் எப்படி இருந்துச்சுங்கறத ஊரோட அடுக்கு சொல்லிடும், 1929 தேதி போட்ட உடனே மேல பிரிட்டிஷ் இந்தியான்னு வந்துடுதே.

கப்பல் லிஸ்ட் கெடைக்குமான்னு எல்லாரும் கேக்கறாங்க. மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவுல உள்ள நேட்டாலுக்கும் போனவங்க ஒப்பந்தக் கூலியா போனவங்க, ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு, பேரு, அப்பா பேரு, கிராமம்னு எழுதி வச்சாங்க, நேட்டாலுக்கு 1860லருந்து 1911 வரைக்கும் அந்த லிஸ்ட் இருக்கு. பர்மாவுக்கு வந்தவங்க பெரும்பாலும் மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டு டெக் டிக்கெட்டுல வந்தவங்க, அந்த மாதிரி நம்பர் போட்ட பதிவேடு நம்ம ஆளுங்களுக்கு எழுதப்படல. அதனால கப்பல் பேரு தெரியலன்னா விட்டுடுங்க, யாரோ சொன்ன கப்பல் பேர ஏத்தாதீங்க.

வந்து போயிட்டு இருந்தவங்க விஷயம் தனி. செட்டியார் கடையில வேலைக்கு வந்தவங்களுக்கு மூணு வருஷக் கணக்கு, முடிஞ்சா ஊருக்குப் போவாங்க, கொஞ்ச நாள் இருந்துட்டு திரும்ப வருவாங்க. ஒவ்வொரு தடவைக்கும் எமிக்ரேஷன் இம்மிக்ரேஷன் போட்டா பக்கம் நெறஞ்சிடும், படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. மொத தடவ வந்ததுக்கு மட்டும் போட்டுட்டு மீதிய ரெசிடென்ஸா மாத்தி மாத்திப் போடுங்க, ரங்கூன், ஊரு, ரங்கூன்னு.

இப்ப குடும்பத்தோட பகிர்றது. கிராம்ப்ஸ்ல ஒரு ஈவெண்ட்ட ஒரு தடவ உருவாக்கிட்டு அதையே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஷேர் பண்ணலாம், ஒவ்வொருத்தருக்கும் திரும்ப அடிக்க வேணாம், தேதி திருத்தினா எல்லாருக்கும் திருந்திடும். வசதியான விஷயம், ஆனா இங்க தான் நம்ம பொம்பளைங்களோட கதை தப்பாப் போகுது. தாத்தா 1929லருந்து ரங்கூன்ல இருந்தாருன்னு ரெசிடென்ஸ் போட்டுட்டு அவரு பொண்டாட்டி, எங்க ஆயாவுக்கும் ஷேர் பண்ணிட்டேன், அத்தைகிட்ட காட்டுனப்ப அத்தை கண்ணாடிய கழட்டிட்டு சொன்னாங்க, "உங்க ஆயா ரங்கூன பாத்ததே சண்டை முடிஞ்சு தாண்டி, என்னைய இடுப்புலயும் உங்க பெரியப்பன வயித்துலயும் வச்சிக்கிட்டு அம்புட்டு வருஷமும் ஊர்ல மாமியா வீட்ல தான் கெடந்தா." 1935ல கல்யாணம் ஆகி 1947 வரைக்கும் 12 வருஷம் ஆயா தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துல, அதுல பாதி வருஷம் தாத்தா கடலுக்கு அந்தாண்ட. இப்ப ஆயாவுக்கு தனி ரெசிடென்ஸ். புருஷன் எங்க இருந்தாரோ பொண்டாட்டியும் அங்க தான்னு எடுத்துக்காதீங்க, பிள்ளைங்க எங்க பொறந்துச்சுங்கன்னு பாருங்க, அது தான் அம்மா எங்க இருந்தாங்கன்னு காட்டும்.

1942. இத எப்படிப் பதியுறதுன்னு எனக்கு ரொம்ப நாள் கை வரல. 1941 டிசம்பர் 23 ரங்கூன் மேல ஜப்பான்காரன் குண்டு போட்டான், 1942 மார்ச் 8 ரங்கூன் விழுந்துச்சு, நடுவுலயும் அதுக்கப்பறமுமா நாலஞ்சு லட்சம் பேரு இந்தியாவுக்குக் கிளம்பினாங்க. சில பேரு புரோம்லருந்து தவுங்குப் கணவாய் தாண்டி அராகன் பக்கம், சில பேரு தாமு வழியா மணிப்பூர், கடைசியா கிளம்பினவங்க வடக்க ஹூகாவ்ங் பள்ளத்தாக்கு வழியா லெடோ. எங்க தாத்தா சின்ன நோட்டுல "விஷு வருஷம் மாசி, தாமு வழி" அப்படின்னு அஞ்சே வார்த்தை எழுதி வச்சிருந்தாரு, விஷு மாசின்னா 1942 பிப்ரவரி மார்ச். கிராம்ப்ஸ்ல ஈவெண்ட் வகையில நாமளே புது வகை அடிச்சுக்கலாம், நான் "1942 நடை"ன்னு ஒரு வகை வச்சிருக்கேன், தேதி அபவுட் மார்ச் 1942, இடம் தாமு. ஏன் தாமுன்னா காகிதத்துல இருக்கிறது அந்த ஒரு இடம் தான். திமாப்பூர்ல ரயிலேறினதா அத்தை சொல்றாங்க, அது குறிப்புல இருக்கு. வழியில இருந்த ஒவ்வொரு கேம்ப்பையும் வரைபடத்தப் பாத்து யூகிச்சு ஏத்தணும்னு ஆசை வரும், வேணாம். கூட நடந்து வழியிலயே போயிட்டவங்க யாராவது இருந்தா அவங்க பேர கட்டாயம் தனி ஆளா ஏத்துங்க, இறப்பு அபவுட் 1942ன்னு போட்டு இந்த நடை ஈவெண்ட்ட அவங்களோடயும் ஷேர் பண்ணுங்க. எங்க தாத்தாவோட தம்பிக்கு கல்லறையும் இல்ல போட்டோவும் இல்ல, எங்க மரத்துல அந்த ஒரு ஈவெண்ட் தான் அவரு இருந்ததுக்கு அடையாளம்.

ஊருக்குள்ளயே வீடு மாறினத பதியணுமான்னா, பதியணும், ஆனா எமிக்ரேஷன் எல்லாம் கெடையாது, ரெசிடென்ஸ் மட்டும் போதும். 1958லருந்து 1960 வரைக்கும் இருந்த ராணுவ இடைக்கால அரசாங்கம் ரங்கூன் நடுவுல குடிசை போட்டிருந்தவங்கள கிளப்பி வடக்கு ஒக்கலாப்பா, தெற்கு ஒக்கலாப்பா, தாக்கேத்தான்னு புது எடத்துக்கு அனுப்புச்சு. தமிழ்க் குடும்பங்க நெறைய பேரு இப்படித் தான் ஒக்கலாப்பாவுக்கு வந்தது, நாங்களும் தான். பெரியத்தை கல்யாணப் பத்திரிகையில 1958ல பஸுன்டவுங் விலாசம், எஃப்ஆர்சியில 1960 முத்திரைக்கு மேல தெற்கு ஒக்கலாப்பா விலாசம். தேதி பிட்வீன்ல போடாம ரெண்டு ரெசிடென்ஸா போட்டேன், ஒண்ணு டு 1958, இன்னொண்ணு ஃப்ரம் 1960, நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

அப்பறம் குடும்பம் பிரிஞ்ச காலம். 1963, 64ல கடை, பேங்க், மில் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 1964 மே மாசம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுச்சு, நம்மாளுங்க கப்பல் கப்பலா மெட்ராஸுக்குப் போனாங்க. எங்க வீட்ல பெரியப்பாவும் பெரியத்தை குடும்பமும் போனாங்க, தாத்தா ஆயாவோட எங்கப்பா இங்கயே இருந்துட்டாரு, அப்ப அவருக்கு 14 வயசு. இந்த எடத்துல குடும்பத்துக்குன்னு ஒரே ஈவெண்ட் போட்டு எல்லாருக்கும் ஷேர் பண்ணாதீங்க. போனவங்களுக்கு மட்டும் எமிக்ரேஷன் ரங்கூன், இம்மிக்ரேஷன் மெட்ராஸ். இருந்தவங்களுக்கு ரெசிடென்ஸ் அப்படியே நீளட்டும். போனவங்களுக்கு அது தாய்நாட்டுக்குத் திரும்பினதுன்னு அரசாங்கக் காகிதம் சொல்லும், ஆனா ரங்கூன்லயே பொறந்த பிள்ளைங்களுக்கு அது திரும்பினது இல்ல, பொறந்த மண்ண விட்டுப் போனது. சில பேரு திரும்ப நடந்தே பர்மா வந்துடலாம்னு எல்லை வரைக்கும் வந்து, விடாததால மணிப்பூர் எல்லையில மோரேயிலயே தங்கிட்டாங்க, இன்னைக்கும் அங்க தமிழாளுங்க இருக்காங்க, கோவில் இருக்கு. உங்க சொந்தத்துல அப்படி யாராவது இருந்தா மெட்ராஸ்ல இருந்தது ஒரு ரெசிடென்ஸ், மோரே அடுத்த ரெசிடென்ஸ்.

இங்க இருக்கிறவங்களுக்கு இன்னொரு துப்பு, கையில இருக்கிற அடையாள அட்டை நம்பர். மொதல்ல வர்ற எண் மாநிலத்தையோ பிராந்தியத்தையோ சொல்லும், 12ன்னா யாங்கோன், 7ன்னா பகோ, 10ன்னா மொன், 14ன்னா ஐராவதி, அதுக்கு அடுத்து வர்ற எழுத்து டவுன்ஷிப்ப சொல்லும். யாங்கோன்லயே இருக்கிற ஒரு சித்தப்பா நம்பர் 7ல ஆரம்பிச்சா சின்ன வயசுல பகோ பக்கம் பதிஞ்சிருக்காங்கன்னு விசாரிக்கத் தோணும். அது பதிஞ்ச ஊரு தான், பொறந்த ஊருன்னு எடுத்துக்காதீங்க. அதோட உயிரோட இருக்கிறவங்க நம்பர கிராம்ப்ஸ்ல முழுசா அடிக்கவே அடிக்காதீங்க, மொதல்ல வர்ற அந்த எண் மட்டும் போதும், அந்தக் குறிப்பு பக்கத்துல இருக்கிற பூட்டுக் குறிய அமுக்கி ப்ரைவேட் ஆக்கிடுங்க. யாருக்காவது மரத்த அனுப்பும்போது ப்ரைவேட்டா இருக்கிறதையும் உயிரோட இருக்கிறவங்களையும் விட்டுட்டு ஏற்றுமதி பண்ற வசதி இருக்கு, அத டிக் பண்ணிட்டு அனுப்புங்க. பேரு விஷயத்துலயும் இதே கவனம் வேணும், அட்டையில பர்மியப் பேரு, கோவில்ல தமிழ்ப் பேருன்னு நம்ம எல்லாருக்கும் ரெண்டு பேரு இருக்கு, ரெண்டையும் ஒரே ஆளுக்குள்ள சேருங்க, இல்லாட்டி ஒரே ஆள் ரெண்டு பேரா ரெண்டு ஊர்ல நிப்பாரு.

ஒவ்வொரு ஈவெண்டுக்கும் ஆதாரம் சேக்காம மூடாதீங்க. சோர்ஸ் சைட்டேஷன்ல எந்தக் காகிதம், யாருகிட்ட இருக்கு, இல்ல யாரு சொன்னது, என்னைக்கு சொன்னதுன்னு எழுதணும், கூடவே நம்பகம்னு ஒரு கட்டம் இருக்கு, வெரி லோலருந்து வெரி ஹை வரைக்கும் அஞ்சு படி. எஃப்ஆர்சி முத்திரைக்கு நான் ஹை குடுக்கறேன், பத்திரிகைக்கும் ஹை, நேர்ல பாத்தவங்க சொன்னதுக்கு நார்மல், கேள்விப்பட்டத சொன்னா லோ. ஃபோன்ல காகிதத்த படம் எடுத்து அந்த சைட்டேஷனோடயே இணைச்சிடுங்க, கரையான் நமக்காகக் காத்திருக்காது.

சேமிக்கறதுக்கு ஒண்ணு. மத்த மென்பொருளுக்கு அனுப்ப கெட்காம்னு ஒரு பொது வடிவம் இருக்கு, அதுல ரெசிடென்ஸ், எமிக்ரேஷன், இம்மிக்ரேஷன் எல்லாம் போயிடும், ஆனா ஊர் பேருக்கு நாம குடுத்த தேதியும் அடுக்கும் அப்படியே போகாது, வெறும் காற்புள்ளி போட்ட ஒரு வரியா போகும். அதனால கெட்காம மட்டும் நம்பி இருக்காதீங்க, கிராம்ப்ஸோட சொந்த பேக்அப்ப மாசத்துக்கு ஒருக்கா எடுத்து ஒரு பென் டிரைவ்லயும், வேற ஊர்ல இருக்கிற ஒரு சொந்தக்காரங்ககிட்டயும் வைங்க. என்னோடது தமிழ்நாட்டுல பெரியப்பா பேரன்கிட்ட ஒரு நகல் இருக்கு.

கடைசியா சரிபாக்கிறது. ஊருக்கெல்லாம் அட்சரேகை தீர்க்கரேகை போட்டிருந்தா ஜியாகிராஃபி பக்கத்துல ஒரு ஆளோட எல்லா ஊரும் வரைபடத்துல புள்ளியா விழும், இதுக்கு மட்டும் நெட் வேணும். யாங்கோனுக்கு 16.8, 96.15ன்னு போட்டா போதும், தெரு வரைக்கும் துல்லியம் வேணாம். புள்ளி கடல்ல விழுந்தாலோ, விழவே இல்லன்னாலோ ரெண்டு எண்ணையும் மாத்திப் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. அப்பறம் அந்த ஆளோட ஈவெண்ட் பட்டியல தேதி வரிசையில வச்சு மேலருந்து கீழ மெதுவா படிங்க, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல வருஷம் காணாம போயிருந்தா அது நீங்க அடுத்து கேக்க வேண்டிய கேள்வி. பெரியப்பா பட்டியல அப்படிப் படிச்சப்ப 1964ல மெட்ராஸ்ல எறங்கினதுக்கும் 1966ல வேலைக்குச் சேந்ததுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. போன வாரம் நெட் வந்த ஒரு ராத்திரி ஃபோன் பண்ணிக் கேட்டேன். மெட்ராஸ் பக்கத்துல ஒரு கேம்ப்ல எட்டு மாசம் இருந்தோம், தகரக் கொட்டாய், மழை பேஞ்சா அத்தை பிள்ளைகள டிரங்குப் பெட்டி மேல ஏத்தி உக்கார வச்சிடுவா, அதெல்லாம் போய் எழுதுவியான்னு கேட்டாரு. எழுதுவேன் பெரியப்பான்னு சொல்லிட்டு ஃபோன வச்ச உடனே ஏத்தினேன்: ரெசிடென்ஸ், ஃப்ரம் 1964 டு 1965, கேம்ப், பெரியப்பாவுக்கும் பெரியத்தைக்கும் அத்தை பிள்ளைங்களுக்கும் ஷேர், ஆதாரம் பெரியப்பா ஃபோன்ல சொன்னது, நம்பகம் நார்மல்.